பழைய கம்ப்யூட்டர் மேல் போட்ட பழி

எங்கள் அப்பாவுக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு எதிரிதான் உண்டு. அது அவருடைய மேஜை மேலேயே உட்கார்ந்திருந்தது. முகத்துக்கு நேராக ஏமாற்றியவனைக்கூட "அவனுக்கு என்ன கஷ்டமோ, விடு" என்று விட்டுவிடுகிற மனுஷர், கம்ப்யூட்டரை மட்டும் விடமாட்டார். "சனியன், உயிரை வாங்குது பாரு" என்று காலையில் ஆரம்பித்தால் சாப்பாட்டு நேரம் வரைக்கும் ஓடும். அவரையும் குறை சொல்வதற்கில்லை. அது நிஜமாகவே சோம்பேறிதான். ஆன் பண்ணிவிட்டுப் போய்க் குளித்துத் துணி மாற்றிக்கொண்டு வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

அப்பா பஸ் டிப்போவில் டியூட்டி சார்ட் போடுகிறவர். எந்த டிரைவர் எந்தக் கண்டக்டரோடு, எந்த பஸ்ஸில், எந்த ஷிப்டில் போவது என்று வாராவாரம் கட்டம் போட்டு, ஆளுக்கு ஒரு கலர் அடித்துக் கொடுக்கும் வேலை. கேட்டால் பெரிய வேலையாகத் தோன்றாது. ஆனால் டிப்போவில் அவருடைய சொந்தப் பெயரையே எல்லோரும் மறந்துபோய் 'சார்ட்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். ரிட்டயர் ஆன பிறகும் விடவில்லை. வீட்டிலிருந்தே போட்டு அனுப்புங்கள் என்று மேனேஜர் கேட்டுக்கொண்டார். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே மேஜையைத் துடைத்து ஜன்னலோரம் நகர்த்திப் போட்டு, அம்மாவின் தையல் மெஷினை வராந்தாவுக்குத் துரத்திவிட்டார்.

அந்த வேலையின் சூட்சுமம் கட்டத்தில் இல்லை. ஒரு டிரைவருக்குச் சாயங்கால வெயில் எதிரே அடித்தால் கண்ணில் தண்ணீர் கொட்டும், அவரை மேற்குப் பக்கம் போகிற பஸ்ஸில் போடக்கூடாது. ஒரு கண்டக்டரின் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி, ஆகவே பிள்ளைகளோடு இருக்க இவர் ராத்திரி வீட்டில் இருந்தாக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, 'பிரேக்'கும் 'விசில்'லும். பிரேக் என்பவர் டிரைவர். அவர் மிதிக்கிற மிதியில் கடைசி சீட்டில் இருப்பவர் முன் சீட்டுக்கு வந்துவிடுவார் என்பதால் அந்தப் பெயர். விசில் என்பவர் கண்டக்டர். ஒருநாள் வாயில் விசிலை வைத்துக்கொண்டு நின்றிருந்தபோது பிரேக் ஒரு மிதி மிதிக்க, விசில் கம்பியில் மோதி அவருடைய முன்பல் போய்விட்டது. அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஒரே பஸ்ஸில் போட்டால் கைகலப்புதான். அப்பா அவர்களை ஒருதடவைகூடச் சேர்த்துப் போட்டதில்லை.

இதெல்லாம் எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை. "கம்ப்யூட்டர்ல போட்டு வைங்கப்பா, ஈசியா இருக்கும்" என்று நான் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன்.

"அடுத்தவங்க வீட்டுக் கதையை எழுதி வைக்கக்கூடாதும்மா. நாளைக்கு எவன் கண்ணுலயாவது பட்டா அவங்களுக்குத்தானே அசிங்கம்? இங்கேயே இருக்கட்டும்" என்று நெற்றிப்பொட்டைத் தட்டிக் காட்டுவார்.

நான் ஒரு பெரிய ஆபீசில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவள். 'மேடம், சிஸ்டம் ஸ்லோ' என்கிற ஒரே பாட்டைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போனவள். இது அப்பாவுக்கு நல்ல வேடிக்கை. நான் எப்போது வீட்டுக்குப் போனாலும் வாசலிலேயே நின்றுகொண்டு, "வாங்க மேடம், சர்வீஸா?" என்பார். "ஆமா சார், என்ன கம்ப்ளெயின்ட்?" என்று நானும் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்வேன். அவரால் அதற்குமேல் தாக்குப்பிடிக்க முடியாது. குபீரென்று சிரித்துவிடுவார். ஒவ்வொரு தடவையும் இதே கூத்துதான். அம்மா உள்ளேயிருந்து, "ரெண்டு பேருக்கும் வேற வேலையே இல்ல" என்பாள்.

ஹாரன் செத்துப்போனார். ஓயாமல் ஹாரன் அடிப்பதால் அந்தப் பெயர் வாங்கிய டிரைவர், அப்பாவின் சிநேகிதர். சாவுக்குப் போன அப்பா நாள் முழுக்க அங்கேயே நின்று, அவரை அனுப்பிவைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். அதற்குப் பிறகு வந்த மாதத்தில் ஒரு வாரத்துச் சார்ட்டில், விடிகாலை முதல் பஸ்ஸுக்கு ஹாரனின் பெயர் இருந்தது, அவருடைய அதே செங்கல் கலரில். ஹாரன் எங்கிருந்து வருவார்? பஸ் கிளம்பவில்லை. மேனேஜர் போன் பண்ணினார்.

அப்பா அந்தச் சார்ட்டைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தார். அப்புறம் அவருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. "இந்தச் சனியன் பழைய பைலை எடுத்துக் குடுத்துடுச்சும்மா. நான் பார்க்காம அனுப்பிட்டேன்."

நான் நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது? அவருடைய பைல்களின் பெயர்களைப் பார்த்தால் யாரும் நம்புவார்கள். 'கடைசி', 'கடைசி 2', 'இதுதான் கடைசி', 'நிஜமாவே கடைசி' என்று வரிசையாக இருந்தன. போதாததற்கு அந்த எருமைக் கம்ப்யூட்டர். இன்னொரு தடவை இப்படி நடந்தால் சார்ட்டை வேறு ஆளிடம் கொடுக்க வேண்டியிருக்கும் என்று மேனேஜர் நாசூக்காகச் சொல்லியிருந்தார். சார்ட் போய்விட்டால் அப்பாவிடம் வேறு என்ன இருக்கிறது? டிவியும் ஈஸிசேரும்தான்.

"புதுசு வாங்கிடலாம்ப்பா" என்றேன்.

அம்மா குறுக்கே வந்தாள். "எதுக்குடி? பழசே போதும்."

"எது போதும்? ஒரு பைலைத் திறக்கிறதுக்குள்ள மனுஷனுக்கு மண்டை காயுது."

"காயட்டும். பழசே இருக்கட்டும்னு சொல்றேன்ல?"

அம்மாவுக்கு எதையும் தூக்கிப் போட மனசு வராது. பிடி உடைந்த குடையைக்கூடக் கதவுக்குப் பின்னால் பத்திரப்படுத்தி வைத்திருப்பாள். இதுவும் அந்தக் கணக்குதான் என்று நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு எப்போதாவது என்னைப் பிடித்து உட்காரவைத்துக் காரணத்தைச் சொல்லியிருக்கலாம். அவளும் சொல்லவில்லை. எதைத்தான் அவள் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாள்!

கடைக்குப் போகிற அன்று அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார். பெண் பார்க்கப் போகிற மாதிரி தலையைப் படிய வாரியிருந்தார். கடை முழுக்கக் குளிர், வெளிச்சம், வரிசையாகத் திறந்து வைத்த லேப்டாப்புகள். அப்பா ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, தட்டிப் பார்த்து, திரையைச் சாய்த்துப் பார்த்தார். சேல்ஸ்மேன் இளவயசுக்காரர், வாய் ஓயாதவர். ராம், பிராசசர் என்று ஒரே மூச்சில் ஒப்பித்துக்கொண்டே வந்தார். அப்பா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு, "இதுல என் கலர் எல்லாம் வருமா?" என்றார்.

"எல்லாக் கலரும் வரும் சார்."

"செங்கல் கலர்?"

"வரும் சார்."

நான் விலைப்பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அப்பாவின் குரல் கேட்டது. "இதுல என் கலர் எல்லாம் வருமாப்பா?" சேல்ஸ்மேன் சிரித்துக்கொண்டே மறுபடியும் பதில் சொன்னார். பெட்டியைப் பிரித்துக் காட்டும்போது மூன்றாவது தடவையும் கேட்டார். அதே குரல், அதே அக்கறை, முதல் தடவை கேட்பது போலவே. இந்தத் தடவை சேல்ஸ்மேன் அப்பாவுக்குப் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தார்.

அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "பெரியவங்க ஒண்ணுக்கு ரெண்டு தடவை கேட்கத்தான் செய்வாங்க. பதில் சொல்றதுக்குத்தானே சம்பளம்?" என்று சீறிவிட்டு, அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டேன். படி இறங்கும்போது அப்பா, "அந்தத் தம்பி நல்லாத்தானே பேசினான்?" என்று கேட்டார்.

எதிர்க்கடையில் வாங்கினோம். அந்தக் கடையிலேயே மிக வேகமான மெஷின். நான்தான் தேர்ந்தெடுத்தேன் என்று சொன்னால் அது பாதி உண்மை. விரலை வைத்ததும் திறந்துகொண்ட திரையைப் பார்த்து அப்பா, "அம்மாடி! கேக்கிறதுக்குள்ள வந்து நிக்குது" என்று குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார். பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தோம். கொடுப்பதற்கு முன் அதிலிருந்து என்னென்ன பைல் மாற்ற வேண்டும் என்று கேட்டேன்.

"பழைய குப்பை ஒண்ணும் வேண்டாம். ஹாரன் விஷயம் மாதிரி இன்னொரு தடவை ஆகக்கூடாது. எல்லாத்தையும் நானே புதுசா அடிச்சுக்கறேன்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அந்த வாரம் உட்கார்ந்து முழுச் சார்ட்டையும் புதிதாக அடித்தார். பெயர்கள், வண்டிகள், கலர்கள் எல்லாவற்றையும். முடித்துவிட்டு எனக்குப் போன் பண்ணி, "மேடம், சிஸ்டம் சூப்பர்" என்றார். ஆபீசில் நான் வாய்விட்டுச் சிரித்ததைப் பார்த்துப் பக்கத்து சீட்டுக்காரி என்னவென்று கேட்டாள். எங்கள் அப்பா என்றேன், பெருமையாக.

அந்தச் சார்ட்டில் பிரேக்கும் விசிலும் ஒரே பஸ்ஸில் இருந்தார்கள்.

இரண்டு பேரும் வேறு வழியில்லாமல் கிளம்பியிருக்கிறார்கள். பாதி வழியில் பிரேக் வழக்கம்போல ஒரு மிதி மிதித்திருக்கிறார். விசில், "இன்னொரு பல்லும் வேணுமாடா உனக்கு?" என்று கேட்டிருக்கிறார். வண்டி நடுரோட்டில் நின்றது. சண்டை ரோட்டுக்கு வந்தது. பயணிகள் இறங்கி நடந்து போனார்கள். டிப்போவில் ஒருவராலும் நம்ப முடியவில்லை. 'சார்ட்டா? சார்ட்டா இவங்க ரெண்டு பேரையும் சேர்த்துப் போட்டாரு?'

மேனேஜர் என்னிடம்தான் சொன்னார். லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அப்பா மேஜை முன்னால் இருந்தார். திரையில் சார்ட் இருந்தது. டிப்போவிலிருந்து யாரோ சொல்லி அவருக்கும் விஷயம் தெரிந்திருந்தது.

"இதுவும் பழைய பைலை எடுத்துடுச்சாம்மா?" என்று கேட்டார்.

ஆபீசில் கேட்டால் எப்படிப் பதில் சொல்வேனோ அப்படியே என் வாயிலிருந்து வந்துவிட்டது. "இல்லப்பா. இதுல பழைய பைல்னு ஒண்ணுமே கிடையாது. நீங்க அடிச்சதுதான் இருக்கு."

"மெஷின் சரியாத்தானே வேலை செய்யுது?"

"ஆமாப்பா. சரியாத்தான் இருக்கு."

அப்பா தலையை ஆட்டினார். கையைக் கீபோர்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிரேக்கும் விசிலும் சேரக்கூடாது என்பது எந்த மெஷினிலும் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. இருந்த இடம் ஒன்றே ஒன்றுதான். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பழி போட அந்த அறையில் வேறு யாரும் இல்லை.

டாக்டரிடம் கூட்டிப் போனோம். "உங்களுக்கு நைட் டியூட்டி யார் சார் போடுறது? சரியாப் போடுறாங்களா?" என்று அப்பா அவரையே விசாரித்தார். டாக்டர் சிரித்தார். மூன்று வார்த்தைகளைச் சொல்லிக் கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார். அப்பாவுக்கு ஒன்றுகூட வரவில்லை. சங்கடத்தோடு என்னைப் பார்த்தார், பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்க்கிற மாதிரி. மாத்திரை மறதியைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடும், போன ஞாபகத்தைத் திருப்பிக் கொண்டுவராது என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். இது இன்று நேற்று ஆரம்பித்ததாக இருக்காது என்றும் சொன்னார்.

அம்மாவிடம் கேட்டேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியும்டி. போன வருஷமே தெரியும். நம்ம தெருவுலயே வீடு தெரியாம நாலு வீடு தள்ளிப் போய்க் கேட்டைத் தட்டிட்டு நின்னாரு. கேட்டா, கம்ப்யூட்டரைப் பார்த்துப் பார்த்துக் கண்ணு மங்கிப்போச்சுன்னாரு. பேரு மறந்தா கம்ப்யூட்டர், நாள் மறந்தா கம்ப்யூட்டர். எல்லாத்துக்கும் அதைத் திட்டினாரு. திட்டிட்டு நிம்மதியாத் தூங்கினாரு." மடித்த சட்டையை உதறி மறுபடியும் மடித்தாள். "பழசே இருக்கட்டும்னு சொன்னேன்ல? இப்ப யாரைத் திட்டுவாரு?"

எனக்கு அழுகை வந்தது. அம்மாவின் மேல் கோபமும் வந்தது. அந்த இளவயசு சேல்ஸ்மேனை நினைத்து அவமானமாக இருந்தது.

மேனேஜர் நல்ல மனுஷர்தான். "இனிமே சார்ட்டை நாங்களே போட்டுக்கறோம்மா. அவர்கிட்ட சொல்ல வேண்டாம். அவர் போட்டு அனுப்புறதை அனுப்பட்டும், நான் வாங்கி வச்சுக்கறேன்" என்றார். ஆனால் அனுப்புவதற்கு அப்பா முதலில் போட வேண்டுமே! அவர் மேஜை முன்னால் போய் உட்காருவார், எதையும் தொடமாட்டார். முன்பெல்லாம் கம்ப்யூட்டருக்காக அவர் காத்திருப்பார். இப்போது அவருக்காக அது பளிச்சென்று காத்திருந்தது. தட்டினால் உடனே திறக்கும், உடனே தப்பைக் காட்டும் என்று அவருக்குப் பயம் வந்துவிட்டது. சாப்பாடும் குறைந்துபோனது. ராத்திரி எழுந்து உட்கார்ந்துகொள்கிறார் என்று அம்மா சொன்னாள்.

பழையதைத் திருப்பி வாங்கலாம் என்று எதிர்க்கடைக்கு ஓடினேன். அதைப் பிரித்துப் பாகம் பாகமாக எடுத்துவிட்டிருந்தார்கள். வெறும் கூடு மட்டும் ஒரு அட்டைப் பெட்டியில் கிடந்தது. அதில் அப்பா ஒட்டிய பஸ் ஸ்டிக்கர்கூட அப்படியே இருந்தது. கடைக்காரர், "இது எதுக்கு மேடம் உங்களுக்கு?" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா தூங்கும்போது புதுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். நாள் பூராவும் ஊரார் மெஷினையெல்லாம் வேகப்படுத்துகிறவள், அதை மெதுவாக்கினேன். வேண்டாத சாப்ட்வேரையெல்லாம் தேடித் தேடி ஏற்றினேன். ஆன் பண்ணினால் அத்தனையும் ஒன்றாகக் கிளம்புகிற மாதிரி செய்தேன். அந்த நல்ல மெஷினின் கழுத்தை நானே நெரித்தேன். கடைசியில் திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது, நிற்காமல் சுற்றியது.

எழுந்து வந்த அப்பா அதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். "ஏய், இதுவும் சுத்துதே!" என்றார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "பார்த்தியா? நான் அப்பவே நினைச்சேன். கடைக்காரன் தலையில கட்டிட்டான். சனியன்!"

"ஆமாப்பா, ஏமாத்திட்டாங்க" என்றேன்.

அன்று சாப்பாட்டை ஒதுக்காமல், கம்ப்யூட்டரைத் திட்டிக்கொண்டே சாப்பிட்டார். மறுபடியும் சார்ட் போட ஆரம்பித்தார். கலர்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். ஹாரன் தினமும் இரண்டு ஷிப்ட் பார்ப்பார். மேனேஜர், "கிடைச்சுது சார்" என்று பதில் அனுப்பிவிடுவார். அப்பா நன்றாகத் தூங்கினார். இதைக் குணமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ள எனக்கு ஆசையாகத்தான் இருந்தது.

நேற்றுச் சாயங்காலம் போயிருந்தேன். வாசலில் அப்பா இல்லை, அதனால் நேரே உள்ளே போய்க் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். நான் ஏற்றி வைத்ததெல்லாம் சேர்ந்து அதை ஒரேயடியாக நிறுத்திவிட்டிருந்தது. கொஞ்சம் இளக்கிவிடலாம் என்று உட்கார்ந்தேன். அப்பா பின்னாலிருந்து வந்தார்.

"வாங்க மேடம், சர்வீஸா?"

"ஆமா சார், என்ன கம்ப்ளெயின்ட்?" என்றேன் திரும்பாமல், முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு.

"ரொம்ப ஸ்லோ மேடம். உயிரை வாங்குது. புதுசுதான் வாங்கணும்."

"வாங்கிடலாம் சார். கிளம்புங்க, இப்பவே கடைக்குப் போலாம்."

"இப்ப வேண்டாங்க. என் பொண்ணு வரட்டும்."

அவர் சிரிக்கட்டும் என்று காத்திருந்தேன். இவ்வளவு நேரம் அவர் தாக்குப்பிடித்ததே இல்லை. திரும்பிப் பார்த்தேன். விருந்தாளிக்கு முன்னால் நிற்கிற மாதிரி, சட்டைப் பொத்தானைச் சரிபண்ணிக்கொண்டு நின்றார். என் முகம் எப்படிப் போயிற்றோ தெரியவில்லை, அவர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க. நீங்களும் நல்லாத்தான் பார்ப்பீங்க. ஆனா கம்ப்யூட்டர் விஷயத்துல அவளைக் கேக்காம நான் ஒண்ணும் வாங்கமாட்டேன். அவளுக்கு எல்லாம் தெரியும்."

உள்ளே அம்மா பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றுபோனது.

"எப்ப வருவாங்க சார்?" என்று கேட்டேன்.

"வர்ற நேரம்தான்" என்று அப்பா வாசலைப் பார்த்தார். நானும் திரும்பி வாசலைப் பார்த்தேன்.